புளிப்புத் தண்ணீர்

தன் முழங்கைத் தோலுக்குக் கீழே பழ ஈக்கள் ஊர்கின்றன என்று தங்கை சொன்ன அன்றுதான் அக்காவுக்குப் பயம் வந்தது. அதுவரை வந்ததெல்லாம் வெறும் எரிச்சல். பல்லை நறநறவென்று கடிக்கிறாளே, தட்டில் போட்டது போட்டபடி காய்கிறதே, ஒரு வார்த்தை கேட்டால் சீறி விழுகிறாளே என்கிற எரிச்சல்.

“இங்க பாருக்கா, ஓடுது பாரு,” என்று கையை நீட்டினாள். அங்கே ஈயும் இல்லை, எறும்பும் இல்லை. அவளே நகத்தால் கீறிக் கீறி உண்டாக்கிய புண் மட்டும் சிவந்து கிடந்தது.

இருவரும் வேலை பார்த்த இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் பின்னால் அக்கா செய்த காரியம் உங்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகப் படும். ஆப்பிளையும் பேரிக்காயையும் நறுக்கி, டப்பாவில் அடைத்து, ஆஸ்பத்திரிகளுக்கும் கடைகளுக்கும் அனுப்புகிற தொழிற்சாலை அது. கூடம் முழுக்கக் குளிர். தலையில் வலை, வாயில் துணி, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். கட்டின புருஷன் எதிரே வந்தாலும் அடையாளம் தெரியாது. அந்த நிம்மதிக்காகவே வேலைக்கு வருகிறேன் என்று சொல்கிற பெண்கள் அங்கே இருந்தார்கள்.

தங்கை கத்திக்காரி. பெல்ட்டில் வருகிற பழத்தை எடுத்து, பிளந்து, விதையைத் தோண்டிக் கழிவுக் குழாயில் எறிந்து, கீற்றாக நறுக்கித் தள்ள வேண்டும். கண் இமைக்கும் நேரத்தில் செய்வாள் என்பதால் ‘மின்னல்’ என்று பட்டப்பெயர். அக்காவுக்குத் தொட்டியில் வேலை. நறுக்கிய பழத்தைக் காற்று சும்மா விடாது என்பது சமையலறையில் நின்ற எல்லோருக்கும் தெரியும், சற்று நேரத்தில் முகம் கறுத்துவிடும். அதனால் கீற்றுகள் கத்தியை விட்டு இறங்கியதும் நேரே தொட்டியில் விழும். தொட்டித் தண்ணீரில் ஒரு வெள்ளைப் பொடி கரைந்திருக்கும். எலுமிச்சையில் இருக்கிற அதே சத்துதான், மூட்டையில் பொடியாக வரும். காற்று பழத்தைத் தின்ன வரும்போது பொடி குறுக்கே நின்று தன்னைத் தின்னக் கொடுக்கும். பழம் வெள்ளையாகவே தப்பித்துக்கொள்ளும். அதைப் புளிப்புப் பொடி என்பார்கள். அதைக் கரைப்பவளைத் தொட்டியக்கா என்பார்கள்.

அம்மா போன பிறகு தங்கையை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் தொட்டியக்கா. கல்யாணம் காட்சி என்று தனக்கென ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. தங்கைக்குக் கல்யாணம் செய்து வைத்த பிறகும் அவள் வீட்டிலேயே, உள்ளறையில் ஒரு கட்டிலும் ஓர் அலமாரியுமாக இருந்தாள். தங்கையின் புருஷன் லிஃப்ட் மெக்கானிக், அதிகம் பேசாத நல்ல மனிதன். “ஊரையெல்லாம் மேல ஏத்தி விடறவன், நம்மள மட்டும் படி ஏற வைக்கிறான்,” என்று அக்கா கேலி செய்வாள். அவர்கள் இருந்த கட்டடத்தில் லிஃப்ட் இல்லை.

குழந்தை பிறந்தது. மின்னல் வேலைக்குத் திரும்பியபோது பழைய மின்னலாக இல்லை. பாப்பா தூங்க விடுவதில்லை. கை பின்தங்கியது. சூப்பர்வைசர் ஒருவர் இருந்தார். எந்நேரமும் மணியைப் பார்ப்பவர் என்பதால் அவருக்குக் ‘கடிகாரம்’ என்று பெயர். ஒரு நாள் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டு, மின்னல் இப்போது தூறலாகிவிட்டது போலிருக்கிறதே என்றார். பக்கத்துப் பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கூடத்துக்கு அடுத்தாற்போல் கூழ் அறை இருந்தது. அடிபட்ட பழமும் கறுத்த பழமும் அங்கே பெரிய பெரிய அண்டாக்களில் வேகும். உள்ளே நின்றால் ஆவி மூச்சை அடைக்கும். கை மெதுவாகிப் போனவர்களை அங்கேதான் தள்ளுவார்கள். போனவர்கள் கத்திக்குத் திரும்பியதில்லை.

தொழிற்சாலை வாசலில் சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் ஒருவன் மாத்திரை விற்றான். முழிப்பு மாத்திரை என்று பெயர். ஒன்றைப் போட்டால் தூக்கம் ஓடிவிடும், பசி ஓடிவிடும், கை தானாக ஓடும். மின்னல் வாங்கினாள். மறுபடியும் மின்னினாள். அக்காகூட, பிள்ளை பெற்ற உடம்பு தேறிவிட்டது என்று சந்தோஷப்பட்டாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

பாப்பா எழுந்து நடக்க ஆரம்பித்த பிறகுதான் பல் கடிப்பது, சீறுவது, கடைசியில் அந்த ஈ.

அக்கா அவளை இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். புருஷனும் கூட வந்தான். டாக்டர் சின்ன வயதுப் பெண். திட்டவில்லை. புண்ணைத் துடைத்து மருந்து போட்டுவிட்டு, என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டு வாங்கினார். விஷயத்தைக் கேட்டதும் லிஃப்ட் மெக்கானிக் நாற்காலியில் இன்னும் கொஞ்சம் குறுகிக்கொண்டான்.

மூளையில் சந்தோஷத்துக்கும் சுறுசுறுப்புக்கும் என்று ஒரு சரக்கு இருக்கிறது, உடம்பு அதைச் சின்னச் சின்ன பைகளில் கட்டிப் பத்திரமாக வைத்திருக்கும், தேவைக்குச் சொட்டுச் சொட்டாக விடும் என்றார் டாக்டர். இந்த மாத்திரை போய்ப் பைகளையெல்லாம் அவிழ்த்துக் கொட்டிவிடும். கொட்டியது அவ்வளவையும் மூளையால் திரும்ப அள்ள முடியாது. பைக்கு வெளியே கிடக்கிற சரக்கு அங்கே இருக்கிற ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டுப்போகும். கெட்டது சும்மா கிடக்காது, பக்கத்தில் இருக்கிற நரம்பின் நுனியை அரிக்கும். அதைத் தடுக்க மூளைக்குச் சொந்தக் காவல் உண்டு. நாள் தவறாமல் மாத்திரை போனால் காவல் தீர்ந்துவிடும். உடம்பு சூடேறினால் இன்னும் மோசம்.

அக்காவின் முகம் வெறித்தபடி இருந்ததைப் பார்த்து, டாக்டர் எளிதாக ஒன்று சொன்னார்.

“நறுக்கின ஆப்பிளை வெளிய வெச்சா என்ன ஆகும்? ஏறக்குறைய அந்த மாதிரிதாம்மா உள்ள நடக்குது.”

டாக்டர் ஓர் உவமை சொன்னார். எத்தனையோ பேருக்கு அதே உவமையைச் சொல்லியிருப்பார். எதிரே உட்கார்ந்திருப்பவள் யார் என்று அவருக்குத் தெரியாது. அக்கா ஆயுசெல்லாம் செய்து வந்த வேலையை அது தொட்டுவிட்டது. அவள் காதில் அது உவமையாக விழவில்லை.

மாத்திரையை அடியோடு நிறுத்த வேண்டும், நிறுத்தினால் முதலில் மனசும் உடம்பும் துவண்டு போகும், தனியாக விடாதீர்கள், வாரா வாரம் வாருங்கள், நாளாக நாளாக மூளை தன்னைத்தானே ஓரளவு சரிசெய்துகொள்ளும் என்றெல்லாம் டாக்டர் சொன்னார். வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்றும் கேட்டார். ஒன்றும் இல்லை என்றாள் அக்கா.

மின்னல் நிறுத்தினாள். புருஷனிடம் பாப்பா தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள். அடுத்த சில நாட்கள் செத்தவள்போலத் தூங்கினாள். விழித்தால் அழுதாள். எதற்கு அழுகிறாய் என்றால் தெரியவில்லை என்றாள். வேலைக்குப் போனால் கையில் கத்தியோடு நின்ற இடத்திலேயே கண் சொருகியது. கடிகாரம் இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் பேசினால்கூடப் பரவாயில்லை.

உடை மாற்றுகிற அறையில் மின்னல் அக்காவின் தோளில் சாய்ந்துகொண்டு, தன்னால் முடியவில்லை, கூழ் அறைக்குப் போகிறதைவிடச் செத்துப் போகலாம், ஒன்றே ஒன்று மட்டும் போட்டுக்கொள்கிறேன் என்று கெஞ்சினாள். அவள் கேட்கவே வேண்டியதில்லை. பூட்ஸுக்குள் ஏற்கெனவே ஒரு மாத்திரை அட்டை இருந்தது.

அக்கா அதைப் பிடுங்கி எறிந்திருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் சொல்வேன். ஆனால் தினம் தினம் கூடை கூடையாகப் பழத்தைக் காற்றின் வாயிலிருந்து காப்பாற்றி அனுப்புகிறவள் அவள். உள்ளே நடப்பது அதேதான் என்று படித்தவரே சொல்லிவிட்டார். கையில் பொடி இருக்கிறது. தங்கையின் வேலையும் போக வேண்டாம், தங்கையின் மூளையும் போக வேண்டாம் என்று அவளுக்கு ஒரு வழி தெரிந்தது.

“அட்டை என்கிட்ட இருக்கட்டும்,” என்றாள். “காலையில ஒண்ணு நானே தர்றேன். கூடவே நான் கரைச்சுத் தர்ற தண்ணியக் குடிக்கணும். குடிக்கலேன்னா மாத்திரை கிடையாது.”

“என்ன தண்ணிக்கா?”

“தொட்டித் தண்ணி. உள்ள கறுக்காம இருக்கும்.”

வெகு நாளைக்குப் பிறகு மின்னல் சிரித்தாள். “என்னையும் டப்பாவுல அடைச்சு அனுப்பப் போறியா?”

இப்படித்தான் ஆரம்பித்தது. அக்கா மாத்திரை அட்டையைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். தூக்குப் பாத்திரத்தில் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்குக் கொண்டுவந்தாள். தங்கையின் புருஷன் வேலைக்குப் படியிறங்கியதும் ஒரு டம்ளர் தண்ணீரில் கரைப்பாள். நாக்கின் நுனியில் ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பாள். மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நீட்டுவாள். மின்னல் முகத்தைச் சுளித்துக்கொண்டு மடக் மடக்கென்று குடிப்பாள். பாப்பா பக்கத்தில் நின்று தானும் முகத்தைச் சுளித்துக் காட்டும். அதைப் பார்த்து மூவரும் சிரிப்பார்கள். மெக்கானிக்கிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. ஆண்களுக்கு இதெல்லாம் புரியாது என்று அக்கா தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

சில நாள் எல்லாம் ஒழுங்காகப் போனது போலிருந்தது. பிறகு மின்னல் ஒரு புகார் சொன்னாள்.

“முன்ன மாதிரி இல்லக்கா. மத்தியானத்துக்குள்ளயே இறங்கிடுது.”

அக்காவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பொடி ஜெயிக்கிறது, மாத்திரையின் விஷத்தை அது தின்று தீர்க்கிறது என்று நினைத்தாள். அடுத்த நாளிலிருந்து பொடியைக் கூட்டினாள்.

மின்னலுக்கு வயிறு போக ஆரம்பித்தது. கழிவு வெளியேறுகிறது, நல்லதுதான் என்றாள் அக்கா. கன்னம் ஒட்டியது. கண் குழியில் இறங்கியது. ஒரு நாள் காலையில் மின்னல் பாப்பாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தவள், சீப்பைப் பாதித் தலையில் நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அவள் யோசிப்பதை அக்கா பார்த்தாள். பாப்பாதான் அம்மாவின் கையைப் பிடித்துச் சீப்பை இழுத்து விட்டது.

அன்றைக்கே தொட்டியில் பழத்தின் விதைப் பகுதிகள் மிதந்தன. அக்கா முதலில் என்னவென்று புரியாமல் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தாள். நிமிர்ந்தாள். மேலே மின்னல் பழத்தைக் கச்சிதமாக நறுக்கி, கீற்றுகளைக் கழிவுக் குழாயில் போட்டுவிட்டு, விதைப் பகுதியைத் தொட்டிக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள். கை அதே வேகத்தில் ஓடியது. எது எங்கே போக வேண்டும் என்பது மட்டும் மாறிப் போயிருந்தது.

அக்கா யாரும் பார்ப்பதற்குள் எல்லாவற்றையும் அள்ளி எடுத்தாள். ஏற்கெனவே கறுத்துவிட்ட கீற்றைத் தொட்டியில் போட்டால் வெள்ளையாகாது, கறுப்பாகத்தான் மிதக்கும், அதை எடுத்துக் கூழுக்கு அனுப்புவார்கள். இது அவளுக்குத் தெரியாததா? தெரியும். அன்று அந்த நினைப்பு வந்தபோது, இரண்டு கையையும் முழங்கை வரை குளிர்ந்த தண்ணீரில் விட்டு, அது போகும் வரை அலசிக்கொண்டே இருந்தாள்.

கடிகாரத்தின் கண்ணுக்கு எதுவும் தப்பாது. அவர் கத்தவில்லை. நாளையிலிருந்து கூழ் அறைக்குப் போம்மா என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு, வழக்கம்போல மணியைப் பார்த்தார்.

எந்த அறைக்குப் போகக் கூடாது என்று இத்தனையும் நடந்ததோ, அந்த அறைக்கே மின்னல் போனாள். மாத்திரையையும் விடவில்லை. காலையில் அக்கா ஒன்று கொடுத்தாள், புளிப்புத் தண்ணீர் ஒன்றுக்கு இரண்டு டம்ளர் கொடுத்தாள். மத்தியானச் சாப்பாட்டு மணி அடிக்கும் நேரத்தில் கூழ் அறையிலிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். மின்னல் அண்டாவின் ஓரத்தில் சரிந்து கிடந்தாள். ஒரு பொட்டு வேர்வை இல்லை. தொட்டால் கை சுட்டது. கண் மேலே சொருகி, தாடை வெட்டி வெட்டி இழுத்தது. அக்கா அவளைக் கூடத்துக்கு இழுத்து வந்து, பழம் குளிர வைக்கிற பனிக்கட்டியை அள்ளி அள்ளி அவள்மேல் கொட்டினாள். உயிர் தப்பியது அதனால்தான் என்று பிறகு சொன்னார்கள்.

அதே டாக்டர்தான் பார்த்தார். மெக்கானிக் மருந்து வாங்கப் போயிருந்தபோது, மாத்திரையைத் தவிர வேறு என்ன உள்ளே போனது என்று கேட்டார். அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார்.

“நான் சொன்ன ஆப்பிள வெச்சா இப்படிச் செஞ்சீங்க?”

ஆமாம் என்று அக்கா தலையை ஆட்டினாள்.

டாக்டர் மெதுவாகச் சொன்னார். பழம் தொட்டிக்குள் முழுகுகிறது, மூளை அப்படி முழுக முடியாது. வாய் வழியாக ஊற்றுகிற சத்தில் உடம்பு தனக்கு வேண்டிய கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு, மீதியைக் கீழே தள்ளிவிடும். மாத்திரை இப்படி ஓயாமல் கொட்டிக்கொண்டிருக்கும்போது அந்தக் கொஞ்சம் எதையும் தடுக்காது. அத்தோடு இன்னொன்று. பொடியால் சிறுநீரில் புளிப்பு ஏறினால் இந்த மாத்திரை உடம்பில் தங்காமல் சீக்கிரம் வெளியே போய்விடும். சீக்கிரம் இறங்குகிறது என்று அவள் சொன்னது அதனாலும் இருக்கலாம். இறங்கினால் அடுத்ததைத் தேடும். அதற்கு மேல் வயிற்றுப்போக்கு. உடம்பில் தண்ணீர் வற்றியிருந்தது, அப்படியே கொதிக்கிற அறைக்குப் போயிருக்கிறாள்.

“அப்ப நான்தான்,” என்றாள் அக்கா.

“மாத்திரைதாம்மா. ஆனா நீங்க குடுத்த தண்ணியும் உதவல.”

தன் பேரிலும் தவறு உண்டு, உவமை சொன்னதோடு விட்டிருக்கக் கூடாது என்றும் டாக்டர் சொன்னார். அக்காவுக்கு அது காதில் ஏறவில்லை.

மின்னல் வீட்டுக்கு வந்தாள். நடந்தாள், சாப்பிட்டாள். சட்டைப் பொத்தானைப் போட உட்கார்ந்தால் பாதியில் விரல் நின்றுவிடும். ஏதோ சொல்ல வாயெடுப்பாள், இரண்டு வார்த்தையில் நூல் அறுந்துவிடும். பாப்பாவை உற்றுப் பார்த்து, பெயர் வராமல், “இவளே” என்று கூப்பிடுவாள். மாத்திரை இல்லாமல் நாள் ஓட ஓட எவ்வளவு திரும்பும் என்று கேட்டதற்கு, சிலருக்கு நிறையத் திரும்புகிறது, சிலருக்கு இல்லை, மாதக் கணக்கில், வருஷக் கணக்கில் பொறுத்திருந்துதான் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர்.

மெக்கானிக் மின்னலோடு பேசுவதை நிறுத்திவிட்டான். பாப்பா தலையில் கை வைத்துச் சத்தியம் செய்துவிட்டு தனக்குத் தெரியாமல் மாத்திரை தின்றிருக்கிறாள் என்பதை அவனால் தாங்க முடியவில்லை. ஒரு விடுமுறை நாள் பகலில், பாப்பாவின் துணிகளை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்தான். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்றான்.

அக்கா கட்டிலின் ஓரத்தில் மின்னலுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரியைக் கீழே வைத்தாள். எழுந்து போய்ப் பையின்மேல் கை வைத்துக்கொண்டு சொன்னாள்.

“அவ உங்கள ஏமாத்தல தம்பி. நான் குடுத்தேன். தினம் காலையில, நீங்க கீழ இறங்கினதும், என் கையாலதான் குடுத்தேன்.”

பொடியைச் சொன்னாள், தண்ணீரைச் சொன்னாள், டாக்டர் சொன்னதையும் விடாமல் சொன்னாள். அவன் கையிலிருந்த குட்டிச் சட்டையைப் பிசைந்தபடி நின்றான். அடிப்பான் என்று நினைத்தாள். அடித்திருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அப்போது கட்டிலிலிருந்து குரல் வந்தது.

“அக்கா ஒண்ணுதான் குடுத்தா.” மின்னல் சுவரைப் பார்த்தபடி, ஒவ்வொரு வார்த்தையாகப் பிடித்துப் பிடித்துப் பேசினாள். “மத்தத நான் எடுத்தேன். சாவி அவ தலகாணி உறைக்குள்ள. அவ குளிக்கப் போனப்ப எடுப்பேன். அவளுக்குத் தெரியாது.”

அக்கா தலையணை உறைக்குள்தான் அலமாரிச் சாவியை வைத்திருந்தாள். அட்டை சீக்கிரம் தீர்கிறதே, தான்தான் தவறாக எண்ணுகிறோம் என்று நினைத்திருந்தாள். ஆனால் அந்த நிமிஷம் அவளுக்கு அதுகூடப் பெரிதாகப் படவில்லை. ஒன்றின் பின் ஒன்றாக, இடம் மாறாமல், தங்கை இவ்வளவு பேசிவிட்டாள். சாவி, உறை, குளியல். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது.

மெக்கானிக் தரையில் உட்கார்ந்தான். சட்டையை மடிமேல் போட்டுக்கொண்டான்.

மின்னல் திரும்பி அக்காவைப் பார்த்தாள். கண்ணில் பழைய கெஞ்சல் வந்திருந்தது.

“இன்னும் இருக்கா அக்கா? ஒண்ணே ஒண்ணு.”

“இல்ல.”

“நீதானே குடுத்த.”

“ஆமா, நான்தான் குடுத்தேன். இனிமே தர மாட்டேன்.”

அதற்குப் பதிலாக நீட்ட அக்காவின் கையில் இப்போது ஒன்றும் இல்லை. மின்னலின் விரல்கள் முழங்கையைத் தேடிப் போயின, கீறத் தொடங்கின. அக்கா அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் அழுத்திக்கொண்டாள். மின்னல் பலத்தையெல்லாம் கூட்டி இழுத்தாள், உதைத்தாள், கேட்கக் கூடாத வார்த்தைகளைச் சொன்னாள். அக்கா விடவில்லை. சற்றுப் பொறுத்து மெக்கானிக் எழுந்து வந்து கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்தான். மற்ற கையை அவன் பிடித்துக்கொண்டான்.